பாக், ஜாஸ், நடுவில் ஒரு பாஸ்

பழைய நோட்டுப் புத்தகங்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது என் கையெழுத்திலேயே ஒரு வரி கண்ணில் பட்டது. "லூசியே: பாக்கைக் கெடுத்து லிஃப்ட்டில் போடும் சங்கீதமாக ஆக்கியவர். கேட்க வேண்டியதில்லை." எழுதிப் பதினஞ்சு வருஷமாவது இருக்கும். நண்பர் ஒருத்தர் கொடுத்த சிடியில் ஒரே ஒரு துண்டு கேட்டுவிட்டு எழுதின தீர்ப்பு அது. மேற்கத்திய செவ்வியல் இசையை அப்போதுதான் கேட்க ஆரம்பித்திருந்தேன். புதுசாகக் கற்றுக்கொள்பவனுக்குத்தான் ஆசாரம் ஜாஸ்தி, இல்லையா?

போன மாதம் வேறு ஒரு விஷயத்துக்காக, பரோக் காலத்து இசையில் கீழ்ஸ்தாயிக் குரலான பாஸ் எப்படி வேலை செய்தது என்று படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க அந்தப் பழைய வரி உறுத்தியது. மறுபடி அந்த மூன்று பேரையும் கேட்டேன். இந்தக் கட்டுரை அந்த வரியை அடித்துத் திருத்துவதற்காக எழுதுவது. முழுக்க அடிக்கவும் முடியவில்லை, அதையும் சொல்கிறேன்.

மூன்று பேர்

ஜாக் லூசியே 1934இல் பிரான்சில் ஆன்ழே என்ற ஊரில் பிறந்தவர். பத்து வயதில் பியானோ. கற்றுக்கொள்ளத் தொடங்கின கொஞ்ச நாளிலேயே, பாக் தன் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக வைத்திருந்த இசைக் குறிப்பேட்டிலிருந்து ஒரு சின்ன உருப்படி கையில் கிடைத்திருக்கிறது. அதைத் திரும்பத் திரும்ப வாசித்து, அலுத்துப் போகாமல் இருக்க இங்கே ஒரு சுரம் மாற்றி, அங்கே ஒரு சுரம் சேர்த்து விளையாடியிருக்கிறார். பின்னாளில் அவர் உலகம் சுற்றினதெல்லாம் இந்த விளையாட்டின் நீட்சிதான்.

பாரிஸ் கன்சர்வேட்டரியில் ஈவ் நா என்ற பெரிய பியானோ ஆசிரியரிடம் படித்தார். வயிற்றுப்பாட்டுக்குப் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம். ஷார்ல் அஸ்னவூருக்கு வாசித்திருக்கிறார். 1959இல், 25 வயதில், இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். டபுள் பாஸ் வாசிக்க பியேர் மிஷ்லோ, டிரம்ஸ் வாசிக்க கிறிஸ்தியான் காரோஸ். இரண்டு பேருமே லூசியேவைவிட வயதிலும் ஜாஸ் அனுபவத்திலும் மூத்தவர்கள். டெக்கா நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை இசைத்தட்டு வெளியிட்டது. பெயர் 'ப்ளே பாக்'. அடுத்தடுத்துப் பல தொகுதிகள் வந்தன. பதினைந்து வருஷத்தில் அறுபது லட்சம் தட்டுகளுக்கு மேல் விற்றதாகக் கணக்குச் சொல்வார்கள். ஜாஸ் தட்டு ஒன்று சில ஆயிரம் விற்றாலே சந்தோஷப்பட்ட காலம் அது.

என்னதான் செய்தார்கள்?

பாக்கின் 'வெல் டெம்பர்ட் க்ளேவியர்' தொகுப்பில் முதல் உருப்படி, சி மேஜர் ப்ரெலூட். பியானோ கற்றுக்கொண்ட எல்லாரும் ஒரு தடவையாவது வாசித்திருப்பார்கள். அதில் பாடக்கூடிய மெட்டு என்று ஒன்று கிடையாது. 35 'பார்'. பார் என்பது ஒரு தாள அளவு, நம்ம ஆவர்த்தனம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சில பார்களை விட்டால், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கார்ட். அந்தக் கார்டின் சுரங்களைக் கீழிருந்து மேலாகச் சிதறவிட்டு இரண்டு தடவை சொல்வது, பிறகு அடுத்த கார்ட். அவ்வளவுதான் உருப்படி.

ஒரு ஜாஸ் கலைஞர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? "இது கார்ட் வரிசை. என் தொழிலே இதன்மேல் நடக்கிறதுதான்" என்று நினைப்பார். லூசியே மூவரின் பொதுவான வழி இதுதான்: முதலில் பாக் எழுதினதை ஏறக்குறைய அப்படியே பியானோ சொல்லும். பாஸும் டிரம்ஸும் வந்து சேர்ந்ததும் தாளத்தில் ஒரு ஆட்டம் வரும். அப்புறம் அதே கார்டுகளின்மேல் மனோதர்மம். கடைசியில் பாக் எழுதின இடத்துக்கே திரும்பி வந்து முடிப்பது. கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகினவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. கிருதியைப் பாடிவிட்டு, கல்பனாஸ்வரத்துக்குப் போய், எடுப்பில் வந்து சேர்கிற மாதிரிதான். கல்பனாஸ்வரம் பாடினதற்காக தியாகராஜரைக் கெடுத்துவிட்டார் என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை.

ஆனால் ஐரோப்பிய செவ்வியல் உலகத்தில் இது சண்டைக்குரிய விஷயம். அங்கே எழுதப்பட்டதுதான் இசை, அதில் கைவைப்பது பாவம். பாக்கிடம் கைவைப்பது மகாபாவம். என் பழைய குறிப்பும் அந்த மனோபாவத்தில் எழுதினதுதான்.

'சுத்தமான பாக்' எங்கே இருக்கிறார்?

கொஞ்சம் பின்னால் போவோம். 1853இல் ஷார்ல் குனோ, இவரும் பிரெஞ்சுக்காரர்தான், இதே சி மேஜர் ப்ரெலூடை எடுத்து, அதன்மேல் தன் சொந்த மெட்டு ஒன்றைப் போட்டார். 1859இல் அந்த மெட்டுக்கு 'ஆவே மரியா' ஜெபத்தின் சொற்கள் பொருத்தப்பட்டு வெளியானது. இன்றைக்கும் உலகம் முழுக்கக் கல்யாணத்திலும் சாவிலும் பாடுகிறார்கள். அதைப் பாக்கைக் கெடுத்த வேலை என்று சொல்பவர்கள் குறைவு. சரியாக நூறு வருஷம் கழித்து அதே பாட்டின்மேல் லூசியே கைவைத்தபோதுதான் முகம் சுளித்தார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. குனோவின் கையில் இருந்த பதிப்பில் 35 பார் இல்லை, 36 இருந்தது. ஷ்வென்கே என்ற ஜெர்மன் இசைக்காரர் நடுவில் ஒரு பார் சேர்த்துவிட்டிருந்தார். ஏன்? 22ஆவது பாரில் பாஸ் சுரம் எஃப் ஷார்ப்பில் நிற்கிறது, 23இல் ஏ ஃப்ளாட்டுக்குத் தாவுகிறது. இந்தத் தாவல் அவருக்குக் கரடுமுரடாகப் பட்டிருக்க வேண்டும். நடுவில் ஜி என்ற சுரத்தைப் பாஸில் வைத்து ஒரு பார் நுழைத்து வழவழப்பாக்கிவிட்டார். பாக் வேண்டுமென்றே விட்ட பள்ளத்தில் மண்ணைப் போட்டு நிரப்பின மாதிரி. இந்தப் போலி பார் பல பதிப்புகளில் அப்படியே அச்சாகி, குனோவின் ஆவே மரியாவுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. எத்தனையோ பேர் அதைப் பாக் எழுதினதாகவே நினைத்து பக்தியோடு வாசித்திருக்கிறார்கள்.

அடுத்தது, 'ஏர் ஆன் தி ஜி ஸ்ட்ரிங்'. லூசியே மூவரின் வாசிப்புகளில் மிகப் பிரபலமானது. என் நண்பர் கொடுத்த சிடியில் நான் கேட்டதும் அதுதான். இந்தப் பெயரைப் பாக் வைக்கவில்லை. அவருடைய மூன்றாவது ஆர்கெஸ்ட்ரா ஸ்வீட்டில் 'ஏர்' என்று மட்டும் இருக்கிறது. 1871 வாக்கில் அவுகுஸ்ட் வில்ஹெல்மி என்ற வயலின் வித்வான் அதை டி மேஜரிலிருந்து சி மேஜருக்கு இறக்கி, வயலினின் ஜி தந்தி ஒன்றிலேயே முழுசையும் வாசிக்கிற மாதிரி மாற்றினார். அந்த வித்தையின் பெயர்தான் உருப்படியின் பெயராக ஒட்டிக்கொண்டது. ஆக, "ஏர் ஆன் தி ஜி ஸ்ட்ரிங்கைக் கெடுத்துவிட்டார்கள்" என்று புலம்புகிறவர், ஏற்கெனவே ஒருத்தர் மாற்றி அமைத்ததின் பெயரைச் சொல்லித்தான் புலம்புகிறார். நானும் அப்படித்தான் புலம்பியிருக்கிறேன்.

பாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விவால்டியின் கான்சர்ட்டோக்களை அள்ளிக்கொண்டு வந்து ஆர்கனுக்கும் ஹார்ப்ஸிகார்டுக்கும் மாற்றி எழுதியவர் அவர். நான்கு வயலின்களுக்கு விவால்டி எழுதின ஒன்றை நான்கு ஹார்ப்ஸிகார்டுகளுக்கு மாற்றினார். பி மைனரில் இருந்ததை ஏ மைனருக்குக் கொண்டுபோனார். 1747இல் போட்ஸ்டாமில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடெரிக் ஒரு மெட்டைக் கொடுத்து, இதை வைத்து வாசியுங்கள் என்றபோது, அந்த இடத்திலேயே மூன்று குரல் ஃப்யூக் ஒன்றை மனோதர்மமாக வாசித்துக் காட்டினார். ஊருக்குத் திரும்பி வந்து எழுதினதுதான் 'மியூசிகல் ஆஃபரிங்'. வாழ்ந்த காலத்தில் அவருடைய புகழில் பெரும்பங்கு, உட்கார்ந்த இடத்தில் வாசித்துத் தள்ளும் ஆர்கனிஸ்ட் என்பதுதான்.

எண் போட்ட பாஸ்

நான் படித்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். பாக் காலத்தில் கூட்டு இசைக்கு அடியில் 'பாஸோ கன்டின்யுவோ' என்று ஒரு ஏற்பாடு உண்டு. செல்லோ மாதிரி ஒரு கீழ்ஸ்தாயி வாத்தியம் பாஸ் வரியை வாசிக்கும். ஹார்ப்ஸிகார்டோ ஆர்கனோ வாசிப்பவருக்கும் அதே பாஸ் வரிதான் கொடுப்பார்கள். சுரங்களுக்குப் பக்கத்தில் 6, 7, 4 என்று எண்கள் இருக்கும். "இந்த பாஸ் சுரத்துக்கு மேலே இன்ன கார்டைப் பிடி" என்று அர்த்தம். அந்தக் கார்டை எந்த வடிவத்தில், எவ்வளவு அடர்த்தியாக, என்ன அலங்காரத்தோடு பிடிப்பது என்பது வாசிப்பவர் பாடு. எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

இன்றைக்கு ஜாஸ் பியானோக்காரர் முன்னால் இருக்கும் தாளிலும் இதே கதைதான். மெட்டு, மேலே கார்டின் பெயர், அவ்வளவுதான். மிச்சம் அவருடைய கை. பாஸ் வாசிப்பவர் ஒரு துடிப்புக்கு ஒரு சுரம் என்று நடந்துகொண்டே இருப்பார். அதனால்தான் 'வாக்கிங் பாஸ்' என்று பெயர். இருநூறு வருஷ இடைவெளி, நடுவில் ஒரு பெருங்கடல். இரண்டு தொழில்முறைகளும் வேறு வேறு வழியில் வந்து ஒரே மாதிரித் தளத்தில் நிற்கின்றன.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்த 'ஏர்' கேட்டுப் பாருங்கள், மேலே நீண்டு மிதக்கும் மெட்டை விட்டுவிட்டு அடியில் மட்டும். பாஸ் ஒரு சுரத்தைச் சொல்லி, அதே சுரத்தை ஒரு ஸ்தாயி தள்ளிச் சொல்லி, ஒரு படி இறங்கி, மறுபடி அதையே செய்கிறது. நிற்காமல், அவசரமும் இல்லாமல், சீராக நடந்துகொண்டே இருக்கிறது. 1959இல் மிஷ்லோ அதைப் பார்த்தபோது புதுசாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுமில்லை. பாக் எழுதி வைத்திருந்ததிலேயே நடை இருந்தது. விரலால் தந்தியைச் சுண்டினால் போதும், ஜாஸ் ஆகிவிடும்.

லூசியே மூவர் கேட்க உறுத்தாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மேல்தளத்தில் எவ்வளவோ மாற்றினார்கள். அஸ்திவாரத்தைப் பெயர்க்கவில்லை. ஷ்வென்கே ஒரே ஒரு பார்தான் சேர்த்தார், ஆனால் பாஸைத் தொட்டார். லூசியே நிமிஷக்கணக்கில் சேர்த்தார், பாஸின் பாதையை மதித்தார். இதில் யார் பாக்குக்கு நெருக்கம்?

மிஷ்லோ எங்கிருந்து வந்தார்

தட்டில் பெரிய எழுத்தில் லூசியேவின் பெயர் மட்டும்தான் இருக்கும். அதனால் பாஸ்காரரைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியாக வேண்டும். 1928இல் பாரிஸை ஒட்டிய சேன் தெனியில் பிறந்தவர் பியேர் மிஷ்லோ. 1957 டிசம்பரில் மைல்ஸ் டேவிஸ் பாரிஸுக்கு வந்து, லூயி மால் இயக்கிய 'அசான்ஸர் பூர் லெஷஃபோ' படத்துக்கு, திரையில் காட்சியைப் பார்த்துக்கொண்டே இசையமைத்தாரே, அந்தப் பதிவில் பாஸ் இவர்தான். டிரம்ஸில் கென்னி கிளார்க். கென்னி கிளார்க் யார்? 'மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்' குழுவின் முதல் டிரம்மர். அந்தக் குழுவின் ஜான் லூயிஸ் 1952லேயே 'வான்டோம்' என்று ஃப்யூக் பாணியில் ஒன்றை எழுதி ஜாஸ் குழுவால் வாசிக்க வைத்திருந்தார்.

1959இல், 'ப்ளே பாக்' வந்த அதே வருஷம், அமெரிக்காவிலிருந்து பட் பவல் பாரிஸில் குடியேறினார். பீபாப் பியானோவின் மேதை. அவரோடு மிஷ்லோவும் கென்னி கிளார்க்கும் சேர்ந்து வாசித்த மூவர் குழுவை 'த்ரீ பாஸஸ்' என்பார்கள். பட் பவலும் பாக் குடும்பத்துக்கு அந்நியர் இல்லை. 1957இல் 'பட் ஆன் பாக்' என்று ஒரு பதிவு செய்தார். பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் எழுதின 'சோல்ஃபெஜியெட்டோ'வை எழுதினபடி வாசித்துவிட்டு, மூச்சுவிடாமல் ஜாஸுக்குள் பாய்ந்துவிடுவார்.

இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு வேறொரு விஷயம் உறைத்தது. 'ப்ளே பாக்' ஒரு பையனின் அதிசய யோசனையில் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அந்த வழியில் ஏற்கெனவே கறுப்பினக் கலைஞர்கள் நிறையப் பேர் நடந்திருந்தார்கள்.

திறந்த கதவும் மூடின கதவும்

1937இல், அதே பாரிஸில், பாக்கின் இரட்டை வயலின் கான்சர்ட்டோவின் முதல் பகுதியை ஸ்விங் தாளத்தில் பதிவு செய்தார்கள். கிட்டாரில் ஜாங்கோ ரைன்ஹார்ட், ஒரு வயலினில் ஸ்டெஃபான் க்ராப்பெல்லி, இன்னொரு வயலினில் எடி சவுத். எடி சவுத் அமெரிக்கக் கறுப்பினத்தவர். செவ்வியல் வயலின் முறைப்படி கற்றவர். ஆனால் அந்தக் கால அமெரிக்காவில் கறுப்பர் ஒருவருக்கு சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில் நாற்காலி கிடையாது. அதனால் ஜாஸுக்கு வந்தவர். அந்தப் பதிவைக் கேட்கும்போது அவருடைய வில்லில் இருக்கும் பயிற்சியைக் கவனியுங்கள். பாக்கை நன்றாகத் தெரிந்தும், பாக் மேடைக்குப் போக முடியாதவர் வாசிக்கும் பாக் அது.

நினா சிமோன் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். செவ்வியல் பியானோக்காரியாக வேண்டும் என்று வளர்ந்தவர். ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இன்ஸ்டிட்யூட் 1951இல் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறம்தான் காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். சம்பாத்தியத்துக்காக மதுக்கூடத்தில் வாசிக்கப் போய்ப் பாடகியானார். அவருடைய முதல் ஆல்பத்தில் 'லவ் மீ ஆர் லீவ் மீ' என்ற காதல் பாட்டின் நடுவே பியானோ தனியாக வரும் இடத்தைக் கேளுங்கள். இரண்டு கையும் தனித்தனிக் குரலாக, அப்பட்டமான பாக் பாணியில் துரத்திக்கொண்டு ஓடும். 2003இல் அவர் சாவதற்கு இரண்டு நாள் முன்னால் கர்ட்டிஸ் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. 52 வருஷம் கழித்து.

லூசியே கன்சர்வேட்டரிக்குள் இருந்து, தன் விருப்பத்தில் வெளியே வந்து ஜாஸ் வாசித்தார். எடி சவுத்தும் நினா சிமோனும் உள்ளே போக முடியாததால் வெளியே நின்று பாக்கை வைத்துக்கொண்டார்கள். இதில் லூசியேவின் குற்றம் ஒன்றுமில்லை. அவர் யாரையும் தள்ளிவிட்டு முன்னால் வரவில்லை. ஆனாலும் அறுபது லட்சம் தட்டு என்ற கணக்கைப் படிக்கும்போது, பாரிஸில் காசநோயோடு மருத்துவமனையில் கிடந்து, பிறகு 1966இல் நியூயார்க்கில் 41 வயதில் செத்துப்போன பட் பவலும் கூடவே ஞாபகத்துக்கு வருகிறார். இருவருக்கும் அடியில் பாஸ் வாசித்தது ஒரே மனிதர். எந்தக் கதவு யாருக்குத் திறந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த வரலாறு முழுசாகும்.

சுருட்டுப் புகை

லிஃப்ட் சங்கீதம் என்று எனக்கு ஏன் தோன்றியது? அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. பிரிட்டனில் ஹாம்லெட் என்ற சுருட்டு விளம்பரத்துக்கு 1960களிலிருந்து லூசியே மூவரின் 'ஏர்' தான் பின்னணி. ஏதோ ஒன்று சொதப்பிவிடும், விளம்பரத்தில் வரும் ஆள் சுருட்டைப் பற்ற வைப்பார், பாக் ஒலிக்கும், முகத்தில் நிம்மதி வரும். 1991இல் சுருட்டு விளம்பரங்களுக்கும் தொலைக்காட்சியில் தடை வரும்வரை இது ஓடியது. ஒரு தலைமுறைக்கே பாக் என்றால் சுருட்டு. அதற்கப்புறம் ஹோட்டல் வரவேற்பறை, விமானம், காத்திருப்பு அறை என்று இந்தப் பாணிக்குப் பிரதிகள் பெருகின. நான் கேட்டபோது அசல் என் காதில் நகலின் நகல் மாதிரி விழுந்திருக்கிறது.

1978இல் மூவர் குழு கலைந்தது. லூசியே தெற்கு பிரான்சில் மிராவல் என்ற இடத்தில் ஒரு ஸ்டூடியோ வைத்தார். பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' ஆல்பத்தின் ஒரு பகுதி அங்கேதான் பதிவானது. 1985இல் பாக்குக்கு 300 வயது நிறைந்தபோது, புது ஆட்களோடு மறுபடி மூவர் குழு. பாஸில் வின்சென்ட் ஷார்போனியே, டிரம்ஸில் ஆந்த்ரே ஆர்பினோ. 90களிலிருந்து பாக்கைத் தாண்டி விவால்டி, சாத்தி, ராவேல், ஹேண்டல், பேதோவன் என்று போனார்கள்.

இங்கேதான் என் பழைய வரியில் பாதியை அடிக்காமல் விட்டு வைக்கிறேன். விவால்டி பொருந்துகிறார், அவரும் கன்டின்யுவோ காலத்து ஆள். சாத்தியின் 'ஜிம்னோபெடி' கூடப் பொருந்துகிறது, காலியிடம் நிறைய வைத்து எழுதினது. ராவேலின் 'பொலேரோ' எனக்குச் சரிப்படவில்லை. அதில் மெட்டும் தாளமும் மாறவே மாறாது. ஒவ்வொரு சுற்றுக்கும் வாத்தியம் மாறி, நிறம் மாறி, சத்தம் ஏறிக்கொண்டே போவதுதான் விஷயம். ஆர்கெஸ்ட்ராவின் நிறத்தை எடுத்துவிட்டு மூன்று வாத்தியத்தில் வாசித்தால் அந்த ஏற்றம் போய்விடுகிறது. மாற்றி அமைப்பது தப்பே இல்லை. ஆனால் மூலத்தைத் தாங்குவது எது என்று கண்டுபிடித்து அதை விட்டுவைக்க வேண்டும். பாக்கில் அது பாஸ். ராவேலில் அது நிறம்.

எடுப்பதும் கொடுப்பதும்

2002இல் லூசியே, ராப் பாடகர் எமினெமின் மேல் வழக்குப் போட்டார். 'கில் யூ' என்ற பாட்டில் தன்னுடைய 'பல்ஷன்' என்ற சொந்தப் படைப்பை அனுமதியில்லாமல் பயன்படுத்திவிட்டார் என்பது புகார். ஒரு கோடி டாலர் கேட்டார். வழக்கு வெளியிலேயே சமாதானமாக முடிந்தது. "வாழ்நாள் பூரா பாக்கை எடுத்துச் சம்பாதித்தவர் இதைக் கேட்கலாமா?" என்று கிண்டல் செய்யத் தோன்றும். எனக்கும் தோன்றியது. யோசித்தால் இரண்டும் ஒன்றில்லை. பாக் 1750இல் போய்விட்டார், அவருடைய பெயர் ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் இருந்தது. எடுத்தவர் எங்கிருந்து எடுத்தேன் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். உயிரோடு இருப்பவருடையதைச் சொல்லாமல் எடுத்தார்கள் என்பது வேறு புகார்.

நம்ம ஊரில் இதே பாதையில் நடந்தவரை எல்லாருக்கும் தெரியும். 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' வெளியிட்டார், தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்து. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்பதில் பாக்கின் தனிவயலின் பார்ட்டிட்டாவின் ப்ரெலூட் வரும், அதோடு அவருடைய வயலின்கள் உரையாடும். வி.எஸ். நரசிம்மனின் வில். லூசியேவின் வழி வேறு, ராஜாவின் வழி வேறு. ஆனால் யாரிடமிருந்து எடுத்தேன் என்று பெயர் சொல்லி, நமஸ்காரம் பண்ணிவிட்டு எடுப்பது இரண்டு பேருக்கும் பொது. அதைக் கேட்டு வளர்ந்த நான் லூசியேவை மட்டும் குற்றம் சொன்னது எந்த ஊர் நியாயம்?

மிஷ்லோ 2005இலும், லூசியே 2019 மார்ச்சில் தன் 84ஆவது வயதிலும் காலமானார்கள்.

நோட்டில் அந்த வரியைக் கிழிக்கவில்லை. கீழே இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "தப்பு. பாஸை மட்டும் கேள். கேட்டபின் 1937க்கும் போ, எடி சவுத்தையும் கேள். பொலேரோவுக்கு மேலே சொன்னது நிற்கும்."

நீங்களும் நேரம் கிடைத்தால் அந்த 'ஏர்' ஒரு தடவை கேட்டுப் பாருங்க. முதல் தடவை ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் மூலம், இரண்டாவது தடவை லூசியே மூவர். இரண்டிலும் மெட்டை மறந்துவிட்டு, அடியில் நடந்துபோகிறவரின் காலடியை மட்டும் எண்ணிக்கொண்டே வாங்க. இரண்டிலும் ஒரே ஆள்தான் நடக்கிறார் என்று எனக்குப் படுகிறது. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றினால் சொல்லுங்க, நோட்டில் இன்னும் இடம் இருக்கிறது.